மூடி வைக்கவும்

நீச்சல்குளத்துத் தண்ணீர் நான்கு நாளாகச் சூடாகவில்லை. மெக்கானிக் வந்து, வெந்நீர் மெஷின்மேல் கிடந்த போர்வையை உருவினார்.

“இது வெளிக்காத்துலேர்ந்துதான் சூட்டை எடுக்கும். ஓடும்போது மூடினா மூச்சு முட்டாதா? எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை?”

“யாரா இருந்தாலும் இன்னையோட வீட்டுக்குப் போகட்டும்,” என்றார் முதலாளியம்மா.

“அவனை நிக்கவச்சுத் தோலை உரிக்கணும்மா!” என்று, குளத்தைப் பார்த்துக்கொள்ளும் நான் அவர்கள் இருவரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த என் மனைவி அலறினாள். “என்னங்க இது! நாலு நாளா நான் குளிர்ல நடுங்குறேன், நம்ம போர்வை இங்கயா கிடக்கு?”

ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டி நான் படித்த முதல் புத்தகம், மெஷினோடு வந்த கையேடுதான். ‘குளிர்காலத்தில் மூடி வைக்கவும்’ என்பதுவரை படித்ததும் பெருமை தாங்காமல் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டேன்.

முதலாளியம்மா போர்வையை மடித்து, அதன்மேல் கையேட்டை வைத்து என்னிடம் நீட்டினார்.

“மூடுறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்தணும்னு அடுத்த வரியிலயே இருக்கு. அதையும் படிச்சிட்டு நாளைக்கு வாங்க.”