டிராமுக்கு வெளியே செருப்புகள்

சூரியனுக்கு அடுத்தபடியாக உலகத்தில் தானாக நகரும் ஒரே பொருள் டிராம்தான் என்று கண்டக்டர் துளுக்காணம் அறிவித்தார். புறநகர் ஷெட்டிலிருந்து முதல் கரண்டு டிராம் கிளம்பும் காலை அது. ஊரே முண்டியடித்து ஏறியது. ஆனால் ஏறிய ஒவ்வொருவரும் தண்டவாளத்தின் ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டே ஏறினார்கள்.

"இன்னாம்மா, இது கோயிலா? மாட்டிக்கினு ஏறு!" என்று துளுக்காணம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாடும் இல்ல, குதிரையும் இல்லன்றே. அப்போ இழுக்கறது இன்னா லேசான ஆளா?" என்றாள் மீன்காரி குப்பம்மா.

துளுக்காணத்தின் காலில் கம்பெனி கொடுத்த புது பூட்ஸ் பளபளத்தது. அது இல்லாமல் வேலை பார்த்தால் அன்றே சீட்டு கிழியும். அதைப் பார்ப்பதற்கென்றே இன்ஸ்பெக்டர் அடுத்த நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

துளுக்காணம் மணியடித்தார். அவருக்குப் பயிற்சியெல்லாம் நின்ற வண்டியில்தான். மேலே கம்பியில் நீலப் பொறி பறந்தது. இழுக்கவும் ஆளில்லாமல், தள்ளவும் ஆளில்லாமல், அறுபது பேரோடு வண்டி நகர்ந்தது. எல்லோரும் கூவினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுபடி மணியடித்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா கண்டக்டரே?"

"ஒரு ஆள் ஏறணும்" என்று இறங்கிப் போனவர், செருப்பு வரிசையின் கடைசியில் குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.