ரொட்டி மேல் சத்தியம்

“அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நான் வரமாட்டேன். பொண்டாட்டியோட ஒரு சாயங்காலமாவது உட்காரணும்” என்றார் தோஹிர்.

மார்கிலான் நகரத்துத் தேநீர்க்கடையில், வியாழன்தோறும் கூடிச் சாப்பிடும் குழுவின் புலாவ் தட்டைச் சுற்றியிருந்த மற்ற ஒன்பது பேரின் கைகளும் நின்றன. போன வருஷம் குழுவில் சேர்ந்து, மூன்றே சொற்பொழிவில் தலைவராகிவிட்ட ஃபைசுல்லா தொண்டையைச் செருமினார்.

“இது வெறும் சாப்பாடு இல்ல, தோஹிர் அண்ணே. இருபத்திரண்டு வருஷத் தவம்!”

“அதான் அலுத்துப்போச்சு தம்பி. அதே புலாவ், அதே ஏப்பம்.”

“சாகிற வரைக்கும் வருவேன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க!”

“பண்ணினேன். அப்ப ஆட்டுக்கொழுப்பு செரிச்சுது.”

“இந்தக் குழுவை ஆரம்பிச்சு, எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கின மகான் இதைக் கேட்டிருந்தா நெஞ்சு வெடிச்சுப் போயிருப்பார்! பாவம், எந்த மண்ணுக்குள்ள கிடக்கிறாரோ!”

ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரைத் துப்பிவிட்டார்.

“உங்க எதிர்லதான் இருக்கேன்” என்று எழுந்தார் தோஹிர். “ஆரம்பிச்சதும் நான்தான், சத்தியம் வாங்கினதும் நான்தான். இன்னையோட எல்லாரையும் விடுவிச்சுட்டேன்.”

ஃபைசுல்லாவுக்கு நான்காவது சொற்பொழிவு வாயில் வருவதற்குள், மற்ற எட்டுப் பேரும் வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.