மூன்றாவது வரி

அடையாறில் நடந்த கணிதக் கருத்தரங்கில், டெல்லியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சாய்நாத், பனாக் வெளிகளில் லிப்ஷிட்ஸ் சார்புகள் பற்றி அண்மையில் ஆய்விதழொன்றில் வெளியான தேற்றமொன்றைக் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் நீரஜா உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரியில் ஒரு பிழை அவள் கண்ணில் பட்டுவிட்டது; பக்கத்தில் இருந்த கணவனிடம் அதைக் காட்டினாள்.

"வாயைத் திறக்காதே. நாளைக்கு உனக்கு வேலை ஆர்டர் வரப்போறது," என்று கிசுகிசுத்தான் பிரணவ்.

அவள் எழுந்தாள். "சார், மூணாவது வரி தப்பு. அதுல மாறாதுன்னு வெச்சிருக்கற மாறிலி, பரிமாணம் கூடக்கூட வளர்ந்துண்டே போகும்."

சாய்நாத் அந்த வரியை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"உண்மைதாம்மா. நிரூபணமே நிக்கல. இந்தத் தேற்றத்தை எழுதினவங்களை நான் நேர்ல பார்த்ததில்ல, ஆனா அவங்களுக்கு உடனே தெரியப்படுத்தணும்."

"தெரிஞ்சுடுத்து சார்," என்றாள் நீரஜா. "எழுதினது நான்தான்."