பதில் வராமல் படி ஏறாதவர்கள்

சாட்சிக் கூண்டில் ஏறி நின்றதும் கண்டக்டர் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"பேசறேன். ஆனா எங்க பாஷையிலதான் பேசுவேன்."

அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வழியெல்லாம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார், பாவம்.

ஊர்ப் பாஷை அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க பஸ்ஸில் அந்தப் பாஷையில்தான் சனத்தை அதட்டி உள்ளே தள்ளுகிறாள். படியில் தொங்குகிறவன் அவள் குரல் கேட்டால் தானாக மேலே ஏறிவிடுவான். அந்த வழித்தடத்தில் கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மொழிபெயர்க்க ஆள் கிடைக்கலைம்மா. போன வாய்தாவிலேயே சொன்னேனே. அந்தப் பாஷை பேசறவங்க இங்க யாரும் இல்லை" என்றார் நீதிபதி. அவரும் ஒரு பெண்மணிதான். பொறுமைசாலி.

யாரும் இல்லையா? எதிரே முன் பெஞ்சில், மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருக்கிறானே டைல்ஸ் கடை முதலாளி, அவன் யார்? அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த சொந்தத் தம்பி.

அப்பா கட்டிய வீட்டிலிருந்து அவளைக் கிளப்ப வழக்குப் போட்டவனே அவன்தான். "இந்தம்மா யாருன்னே தெரியாது. எங்கப்பா பாவம் பார்த்துக் குடிவெச்ச ஆளு" என்று சற்றுமுன்தான் சத்தியம் செய்துவிட்டு இறங்கியிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் சோறே இல்லாமல் மறைத்துவிட்டான்.

இருவருமே வீட்டில் பிறந்தவர்கள். பிறந்ததற்குக் காகிதம் கிடையாது. பிற்பாடு வாங்கிக்கொண்டவன் அவன் மட்டும்தான். ரத்தப் பரிசோதனைக்கும் மாட்டேன் என்றுவிட்டான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷையைப் பேசிக் கேலி வாங்கியவன், கடையும் கல்யாணமும் வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். பாஷையோடு சேர்த்து அக்காவையும்.

தோற்றால் அவள் தெருவில் நிற்க வேண்டும். நின்றுவிடுவாள், பஸ்ஸில் நிற்காத நிற்பா? ஆனால் அப்பாவுக்கு மகளே இல்லை என்று தீர்ப்பாகிவிடும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தம்பியின் வக்கீல் எழுந்தார். "அப்படி ஒரு பாஷையே கிடையாதுங்கம்மா. சும்மா வாய்க்கு வந்ததை உளறுவாங்க. எங்க கட்சிக்காரருக்கு அதுல ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர்கள் சனத்தில் ஒரு வழக்கம். வெளியே போய்த் திரும்புகிறவர் வாசலில் நின்று, உள்ளே யார் இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் அதற்கென்று உள்ள பதிலைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் படி ஏறுவார்கள், சொந்த வீடாகவே இருந்தாலும். அம்மா அடுப்படி வேலையில் கவனிக்காத ஒரு நாள் அப்பா மழையில் தொப்பலாக நின்றார். அவ்வளவு பிடிவாதக்காரர். பிள்ளைகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

அதை நம்பித்தான் இன்றைக்கு அவள் கூண்டில் ஏறினாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் எட்டுகிற குரலில் அந்த வாசல் கேள்வியைக் கேட்டாள். மொத்தக் கோர்ட்டும் நிமிர்ந்து பார்த்தது.

தம்பி சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டான். வாய் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்.

மறுபடி கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "போதும்மா, இறங்குங்க" என்றார் நீதிபதி.

அவள் இறங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை வழக்குக்காகக் கேட்கவில்லை. உள்ளே ஒருத்தருமே இல்லையா என்று நிஜமாகவே கேட்டாள்.

பதில் வந்தது.

பெண் குரல். கடைசிச் சொல்லை அம்மா இழுப்பாளே, அதே இழுப்பு.

சொன்னவள் தம்பியின் மனைவி. இந்த ஊர்க்காரி. புருஷனுக்குத் துணையாக வந்து, பின் பெஞ்சில் பிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள், சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"யாரு அது? எழுந்திருங்க" என்றார் நீதிபதி.

"மன்னிச்சிருங்கம்மா. பழக்கத்துல வந்துருச்சு. இவரு தூக்கத்துல தினம் இதைத்தான் கேப்பாரு. பதில் சொல்ற வரைக்கும் புரண்டுக்கிட்டே இருப்பாரு. என்ன சொல்லணும்னு இவருதான் கத்துக்குடுத்தாரு. அர்த்தம் கேட்டா மட்டும் சொல்லமாட்டாரு."



அடப்பாவி, இத்தனை வருஷமாகவா வாசலிலேயே நிற்கிறாய் என்று கூண்டைவிட்டு இறங்கி ஓடிக் கேட்கத் தோன்றியது அக்காவுக்கு. ஆனால் அழுவதற்காக அவள் இங்கே வரவில்லை.

"அவங்க சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?" நீதிபதி அவளைக் கேட்டார்.

"மொழிபெயர்க்க ஆள் இல்லைன்னீங்களேம்மா. அதோ உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

தம்பி எழுந்தான். அவன் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நம்ம ஆளுங்கதான் இருக்கோம். உள்ள வா, அக்கா."

தட்டச்சர் அப்படியே அடித்துக்கொண்டார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடுதல். அவள் திருத்தச் சொல்லவில்லை.