சாம்சன் கம்ப்யூட்டரில் யார்?

“மாட்டிக்கிச்சு சார்!”

கதவைத் தட்டக்கூட மறந்து மேனேஜர் வேதகிரியின் அறைக்குள் நுழைந்தாள் தேவயானி.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பதுதான் உத்திரமேரூரில் இருந்த அந்த ஆபீசின் வேலை. கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் பொறுப்பு தேவயானிக்குக் கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. திருப்புலிவனத்தில் நாற்று நடும் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள, இதோ, முதல் வேட்டை!

“இன்னாம்மா மாட்டிச்சு?”

“சாம்சன் அண்ணன் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் ஓடிக்கினு கீது சார். அவரு அத்தத் தொறக்கல. ரிப்பேர் பாக்கறதுக்குன்னு ஒரு ரிமோட் வசதி வெச்சிருக்கோமே, அது வழியா வேற சீட்லருந்து ஓட வுட்டிருக்காங்க. ஸ்கிரீன்ல கீறத ஒண்ணு வுடாம படிக்குது.”

வேதகிரியின் முகம் வெளுத்தது. “நோயாளிங்க வெவரமாச்சே! வெளிய போச்சுன்னா ஆபீசையே இழுத்து மூட வேண்டியதுதான். யார் சீட்டு?”

“சுபாஷ்ரீ அக்கா சீட்டு.”

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலியாகும் டீம் லீடர் பதவிக்குப் போட்டியே இவர்கள் இருவர்தான். ஆபீசிலேயே தப்பில்லாமல் டைப் அடிக்கிறவன் சாம்சன். ரிமோட் வசதியைக் கையில் வைத்திருப்பவள் சுபாஷ்ரீ.

“வா, கையோட கேட்டுடலாம்.”

சாப்பாட்டு நேரம். ஹாலில் சுபாஷ்ரீயும், மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மும்முரமாய் டைப் அடிக்கும் சாம்சனும் மட்டும்தான்.

“நான்தான் சார் ஓட வுட்டேன்.” சுபாஷ்ரீ மறைக்கவே இல்லை.

“எதுக்கு?”

“அத்தச் சொல்ல முடியாது சார். ஆனா ஒரு எழுத்துகூட வெளிய போகல.”

தேவயானி பொரிந்து தள்ளினாள். “கூட வேல செய்யற மனுசனையே வேவு பாத்துட்டு, சொல்ல முடியாதுன்னா எப்படிக்கா?”

“வேலைய வுட்டுத் தூக்கறதுன்னா தூக்கிடுங்க சார்.” சுபாஷ்ரீ தலையைக் குனியவில்லை.

“திமிரப் பாரு! தேவயானி, நீ மொதல்ல அந்தக் கருமத்த நிறுத்தும்மா!” என்றார் வேதகிரி.

தேவயானி கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் விரலை வைத்தாள்.

“வாணாம் தேவயானி!” என்று சுபாஷ்ரீ கையை நீட்டுவதற்குள் புரோகிராம் நின்றுவிட்டது. தேவயானிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூலையில் டைப் சத்தமும் நின்றது.

சாம்சன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். மேஜை விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தான்.

“சுபா, படிச்சிக் காட்டற கொரலு நின்னு போச்சு. மறுபடி போட்டு வுடேன். அது இல்லாம எனக்கு ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாதே.”

வேதகிரி அவனுக்கு நேர் எதிரில்தான் நின்றிருந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

“சாம்சன்...”

குரலைக் கேட்டுத் திடுக்கிட்டவன், மெல்ல நிமிர்ந்து நின்றான்.

“கண்ணு மங்கிக்கினே வருது சார். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான். பாவம் பாத்து எனக்கு ஒண்ணும் குடுக்க வாணாம். வேலையில தப்பு கீதான்னு மட்டும் சொல்லுங்க.”

சொல்வதற்கு வேதகிரியிடம் ஒரு தப்பும் இல்லை.

தேவயானி அந்தப் புரோகிராமை மறுபடி ஓட விட்டாள்.

வேதகிரி சுபாஷ்ரீயின் பக்கம் திரும்பினார். “உனக்குப் போட்டியா நிக்கிறவனாச்சேம்மா. இவனுக்குப் போயி நீ...”

“டீம் லீடர் நானாத்தான் சார் ஆவணும்” என்றாள் அவள். “ஆனா இவனுக்குக் கண்ணு தெரியலன்னு நான் ஜெயிச்சா, அதெல்லாம் ஒரு ஜெயமா சார்?”