இடது ஓரம்

மார்த்தாண்டத்தில் மூடிக்கிடந்த தியேட்டரில், பழைய ஆபரேட்டர் செல்லக்கண் அபின் கேட்ட படத்தின் பிலிம் பெட்டியைத் திறந்தார்.

"டிவிடி இருக்கும்போ பிரிண்ட் எதுக்கு மக்கா?"

"தேரோட்டச் சீன் நம்ம சுசீந்திரத்துல எடுத்தது, அண்ணாச்சி. அதுல ஏழு வயசுல நான் நிக்கேன்னு என் பொண்டாட்டி சுபிதா சொல்லுவா. டிவிடியில அவ இல்ல. சரியான புளுகுணின்னு சொந்தக்காரங்க முன்னாடியே கேலி பண்ணிட்டேன்," என்றான் அபின்.

"பாவம்டே அவ!"

படம் ஓடியது. தேர் வந்தது. திரையின் இடது ஓரத்தில், சின்ன வயசுப் போட்டோவில் உள்ள அதே ஓட்டைப்பல் சிரிப்போடு சுபிதா நின்றாள்.

"டிவிடிக்கு மாத்தும்போ டிவி அளவுக்கு ரெண்டு ஓரத்தையும் வெட்டிருவானுவ. அவ சொன்னது நெசம்லா! வீட்டுக்குப் போய் கால்ல விழு," என்று செல்லக்கண் சிரித்தார்.

அபின் எழுந்திருக்கவில்லை. அவள் அங்கே நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தான்.

போன மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொன்னதையும் அவன் நம்பவில்லை. சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் போன் வந்து ஓடிப்போனபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.