வளைவும் எண்ணெய்த் தட்டும்

பந்தயக் காரின் எஞ்சினுக்குள் இருந்த பேரிங்குக்கு நீண்ட வளைவு என்றாலே நடுக்கம். அங்கே அடித்தட்டிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும்.

"ஒருநாள் காய்ஞ்சே சாகப்போறேன்" என்றது பேரிங்.

"என்னை ஏம்ப்பா சொல்றே? வளைவைக் கேளு" என்றது அடியிலிருந்த எண்ணெய்த் தட்டு.

எஞ்சினுக்கு வெளியே தனியாக வைக்கும் புது எண்ணெய் டேங்க் பட்டறை மேசையிலிருந்து சிரித்தது. "அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுட்டு என்னை வைக்கச் சொல்லு. எவ்வளவு வேகமா வளைஞ்சாலும் எண்ணெய் வரும்."

மெக்கானிக் தட்டைக் கழற்றினார். எண்ணெய் ஒதுங்காமலிருக்க அதற்குள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்து, மறுபடி மாட்டினார்.

அடுத்த ஓட்டத்தில், வளைவு வந்ததும் பேரிங் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் நிற்காமல் வந்தது.

"அப்பாடா!"

பட்டறைக்குத் திரும்பியதும் டேங்க் கேட்டது: "அப்போ நான்?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றது பேரிங். "நம்ம ஓனர் இன்னும் எல்லாருக்கும் வழிவிட்டுத்தான் ஓட்டுறார். ஒருத்தரையாவது முந்தட்டும், கூப்பிடுறோம்."